ஆசிட்டையும் பிளீச்சையும் ஒண்ணா ஊத்துறீங்களா? வீட்டைச் சுத்தம் செய்யும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலை. 'சாயங்காலம் வர்றேன்' என்று ஹவுஸ் ஓனர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். பாத்ரூம் டைல்ஸில் மஞ்சள் கறை. சிங்க்குக்குக் கீழே இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்று டாய்லெட் கிளீனர், இன்னொன்று பிளீச். 'தனித்தனியாவே இவ்வளவு வேலை செய்யுதே, ரெண்டையும் சேர்த்து ஊத்தினா?' என்று உங்களுக்குத் தோன்றலாம்.

எனக்கும் தோன்றியது. சில வருடங்களுக்கு முன், பெங்களூருவில் நண்பர்களோடு இருந்த வாடகை வீட்டைக் காலி செய்த அன்று, அட்வான்ஸில் கை வைத்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் அதைத்தான் செய்தேன். அரை நிமிடத்தில் கண் எரிந்தது, தொண்டை இறுகியது. கதவுக்குப் பக்கத்திலேயே நின்றதால் வெளியே ஓடிவர முடிந்தது. பத்து நிமிடம் இருமல் நிற்கவில்லை. கறையும் போகவில்லை. அட்வான்ஸில் கொஞ்சம் போனது.

வீட்டைச் சுத்தம் செய்ய ரீல்ஸில் ஆயிரம் டிப்ஸ் வருகின்றன. அவற்றில் பாதி, எதை எதோடு கலக்கலாம் என்பதைப் பற்றியவை. இந்தக் கட்டுரை சொல்வது நேர் எதிரான ஒன்று: கலக்காதீங்க, பிரிங்க. அழுக்கை வகைவாரியாகப் பிரிங்க, பாட்டில்களைப் பிரிச்சு வைங்க, கடைசியில் வேலையையும் பிரிச்சுக்கோங்க.

இரண்டையும் கலந்தால் என்ன நடக்கும்?

பல டாய்லெட் கிளீனர்களில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச் திரவத்தில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சந்தித்தால் குளோரின் வாயு வெளியேறும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தில் ஜெர்மன் படை ஆயுதமாகப் பயன்படுத்திய அதே வாயுதான். உங்கள் பாத்ரூமில் உருவாகும் அளவு மிகக் குறைவு. ஆனால், ஜன்னல் இல்லாத, கதவு சாத்திய ஒரு சின்ன அறையில் அந்தக் குறைந்த அளவே நுரையீரலைப் பாதிக்கப் போதும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குளோரின், காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனமானது. அதனால் தரையை ஒட்டியே தங்கும். நாம் பாத்ரூமைத் தேய்ப்பதும் குத்தவைத்து உட்கார்ந்து, முகத்தைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதானே?

சேரவே கூடாத ஜோடிகள் இவை:

- பிளீச் + டாய்லெட் கிளீனர் அல்லது பாத்ரூம் ஆசிட்
- பிளீச்சிங் பவுடர் + எந்த ஆசிட்டும்
- பிளீச் + வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு (இவையும் அமிலம்தான்)
- பிளீச் + அமோனியா உள்ள கண்ணாடி கிளீனர் (இதில் குளோரமைன் என்ற வேறொரு நச்சு வாயு வரும்)

ஒரே வாளியில் கலந்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீங்க. ஒன்றை ஊற்றி, நன்றாகக் கழுவிவிடாமல் அடுத்ததை ஊற்றினாலும் இதே கதைதான். ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

தெரியாமல் கலந்துவிட்டால்?

உடனே வெளியே வாங்க. 'கழுவிவிட்டுட்டு வந்துடலாம்' என்று அங்கேயே நிற்காதீங்க. அதை 'முறிக்க' மூன்றாவதாக எதையும் ஊற்றாதீங்க. நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போய், கண், தோலில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்க. மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், நிற்காத இருமல் இருந்தால் 112-ஐ அழைக்க வேண்டும். சிலருக்கு மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட அதிகமாகலாம். அதனால் 'இப்போ சரியாயிடுச்சு' என்று விட்டுவிட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

யாராவது ரசாயனத்தைக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீங்க. உள்ளே போகும்போது சுட்ட தொண்டையை, வெளியே வரும்போதும் அது சுடும். டெல்லி எய்ம்ஸில் 24 மணி நேரமும் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. போனில் இப்போதே சேமித்து வையுங்க.

எந்த அழுக்குக்கு எது?

கலக்க வேண்டும் என்ற எண்ணம் ஏன் வருகிறது? ஒரு பாட்டில் வேலை செய்யாதபோதுதான். பெரும்பாலும் அதற்குக் காரணம், அந்த அழுக்குக்கு அது சரியான ஆள் இல்லை என்பதே.

நம் பாட்டிகளுக்கு இது தெரியும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். புளி அமிலம், பித்தளையில் படியும் கறுப்பைக் கரைக்கும். சாம்பல் காரம், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். இன்றைய பாட்டில்களுக்குள் இருப்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

*1. குழாயில் வெள்ளைப் படலம்: அமிலம்*

போர்வெல், டேங்கர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாய், ஷவர், கெட்டில் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிவது கால்சியம், மெக்னீசியம் உப்புகள். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்திய தர நிர்ணய அமைப்பு. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை அனுமதி. சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது என்றால் உங்கள் தண்ணீர் கடினமானது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தப் படலத்தை சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் கை வலிதான் மிச்சம். வினிகரில் நனைத்த டிஷ்யூ பேப்பரைக் குழாயைச் சுற்றி 20 நிமிடம் ஒட்டி வைத்து, துடைத்துக் கழுவுங்க. கெட்டிலில் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினால் போதும்.

*2. அடுப்பு, டைல்ஸ், சிம்னியில் பிசுக்கு: காரம், சோப்பு, சூடான தண்ணீர்*

பாத்திரம் கழுவும் லிக்விடைச் சூடான தண்ணீரில் கலந்து, பிசுக்கின் மேல் தடவி 10 நிமிடம் விடுங்க. விடாப்பிடியான இடத்தில் பேக்கிங் சோடாவைக் குழைத்துத் தடவலாம். அலுமினியப் பாத்திரத்திலும் சிம்னி ஃபில்டரிலும் வாஷிங் சோடா மாதிரி வலுவான காரம் வேண்டாம், கறுத்துவிடும்.

*3. பாத்ரூம் மூலையில் கறுப்புப் புள்ளி: பிளீச், அதோடு காற்று*

இது பூஞ்சை. நீர்த்த பிளீச் டைல்ஸில் வேலை செய்யும். ஆனால், ஈரம் இருக்கும்வரை பூஞ்சை திரும்ப வரும். குளித்து முடித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓட விடுங்க. மும்பை மழைக்காலத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் பாதி வைத்தியம்.

வினிகரும் பேக்கிங் சோடாவும் சேர்த்தால் பொங்குதே, அது நல்லதில்லையா?

ஆபத்தில்லை. பெரிய பயனும் இல்லை. ஒன்று அமிலம், இன்னொன்று காரம். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. பொங்கி வருவது கார்பன் டை ஆக்சைடு. நுரை அடங்கிய பின் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். பார்க்க அழகாக இருப்பதால் ரீல்ஸில் ஓடுகிறது. தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்ல பொருட்கள்.

தரை என்ன தரை என்று பார்த்தீங்களா?

மார்பிள், கோட்டா கல், சமையலறையில் போடும் கடப்பா கல் மூன்றிலும் முக்கியமாக இருப்பது கால்சியம் கார்பனேட். குழாயில் இருக்கும் வெள்ளைப் படலத்தை அமிலம் கரைக்கிறது என்றோமே, அதே பொருள்தான். அப்படியானால் அமிலம் தரையையும் கரைக்கும். எலுமிச்சை, வினிகர் பட்டாலே பளபளப்பு போய், மங்கலான தடம் விழும். அதைக் கழுவி எடுக்க முடியாது, பாலிஷ் போட வேண்டும். அட்வான்ஸில் பிடிக்க இதைவிட நல்ல காரணம் ஓனருக்குக் கிடைக்காது. இந்தத் தரைகளுக்கு மிதமான சோப்புத் தண்ணீரே போதும். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்டையும் ஆசிட் அரிக்கும்.

கிருமிநாசினி எப்போது, எவ்வளவு?

பினாயில் வாசனை வந்தாலே சுத்தம் ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றினால், அதன் பலம் அழுக்கோடு மோதியே தீர்ந்துவிடும். முதலில் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு கிருமிநாசினி. ஊற்றிய உடனே துடைக்காமல், லேபிளில் சொன்ன நேரம் வரை விட வேண்டும்.

அளவு? கோவிட் காலத்தில், 2020-ல், வீடு போன்ற இடங்களின் பரப்புகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 0.1 சதவீதக் கரைசல். பாட்டிலில் 5 சதவீதம் என்று இருந்தால், 980 மில்லி தண்ணீரில் 20 மில்லி பிளீச். சூடான தண்ணீர் வேண்டாம். அன்றன்றைக்குக் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்க. வேறு கிளீனர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீங்க.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

மேலிருந்து கீழே, உலர்ந்ததிலிருந்து ஈரத்துக்கு. முதலில் ஒட்டடை, ஃபேன். பிறகு அலமாரி, மேசை. கடைசியில் தரை. மாப் போட்ட பிறகு ஃபேன் துடைத்தால் முதலிலிருந்து வேலை. ஃபேனை நிறுத்திவிட்டு, பழைய தலையணை உறையை இறக்கைக்கு மாட்டி இழுங்க. தூசி உறைக்குள்ளேயே விழும், மெத்தையில் கொட்டாது. டெல்லி, குருகிராம் மாதிரி தூசி அதிகமுள்ள ஊர்களில் துடைப்பத்தால் விசிறிப் பெருக்குவதைவிட, ஈரத்துணியால் துடைப்பது நல்லது. பெருக்கினால் நுண்தூசி எழும்பி, மறுபடியும் உட்காரும்.

ஞாயிறு முழுவதையும் இதற்குத் தர வேண்டாம். தினமும் 15 நிமிடம் என்று பிரிச்சுக்கோங்க:

- திங்கள்: அடுப்பு, சமையல் மேடை
- செவ்வாய்: பாத்ரூம், சோப்பு போட்டு மட்டும்
- புதன்: ஃபேன், மேசை, ஸ்விட்ச் போர்டு (உலர்ந்த துணி மட்டும்)
- வியாழன்: ஃப்ரிட்ஜில் கெட்டுப்போனவற்றை எடுப்பது
- வெள்ளி: குழாய், சிங்க், உப்புக் கறை
- சனி: டாய்லெட் கிளீனர் போடும் நாள், அன்று பிளீச்சுக்கு லீவு

பாத்ரூமுக்கு ஒரு துணி, சமையலறைக்கு ஒரு துணி. நிறம் வேறாக வாங்கினால் குழப்பம் வராது.

சரி, இதையெல்லாம் யார் செய்வது?

இங்கேதான் டேட்டா பேசுகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, நாம் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்று கேட்கிறது. சமையல், சுத்தம், துணி துவைப்பது போன்ற ஊதியமில்லா வீட்டு வேலைகளைச் செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 2024-ல் பெண்கள் ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 2019-ல் இது 299, 97. கழித்துப் பாருங்க. இடைவெளி அன்று 202 நிமிடம், இன்று 201 நிமிடம். ஐந்து வருடத்தில் குறைந்தது ஒரே ஒரு நிமிடம்.

இது வேலை செய்தவர்களுக்கு இடையிலான கணக்கு மட்டுமே. கணக்கெடுத்த நாளில் இந்த வேலைகளில் ஏதாவது ஒன்றைச் செய்த ஆண்கள் சுமார் 27 சதவீதம். பெண்கள் 81 சதவீதத்துக்கு மேல்.

சுத்தம் செய்பவர்தான் அந்த வாயுவையும் சுவாசிக்கிறார். உங்கள் வீட்டில் அது அம்மாவாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், வேலைக்கு வரும் அக்காவாக இருக்கலாம். ஆப்பில் பாட்டில்களை ஆர்டர் செய்வது நாம். லேபிளை ஆங்கிலத்தில் படிக்க முடிவதும் நமக்குத்தான். ஆனால் மூடிய பாத்ரூமுக்குள் அதை ஊற்றுவது வேறொருவர். இன்றைக்கு அவரிடம், 'எதை எதோட ஊத்துறீங்க அக்கா?' என்று ஒருமுறை கேளுங்க. எதைச் சேர்க்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லுங்க. ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுங்க. பாத்ரூம் கழுவும்போது கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. ஆசிட்டின் சில்லறை விற்பனைக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது. ஆனாலும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிய ஆசிட்டைப் பல வீடுகளில் பார்க்கலாம். தாகத்தில் கை நீட்டும் குழந்தைக்கு அது தண்ணீர் பாட்டில்தான். உங்கள் சிங்க்குக்குக் கீழே அப்படி ஒன்று இருந்தால், இந்த வாரச் சுத்தத்தை அங்கிருந்து ஆரம்பிங்க. குழந்தைக்கு எட்டாத, பூட்டிய இடத்துக்கு மாற்றுங்க. லேபிளோடு வந்த பாட்டிலில் மட்டுமே இனி வாங்குங்க. பிளீச் ஒரு அலமாரியில், டாய்லெட் கிளீனர் இன்னொன்றில். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.