திரையில் தோன்றும் எழுத்தும் தோட்டத்துத் துண்டும்

கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவில், களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலமொன்றை அமைத்து 'குவாய் நதிப் பாலம்' எனும் ஆங்கிலப் படத்தை எடுத்தனர். டேவிட் லீன் நெறிப்படுத்த, சாம் ஸ்பீகல் தயாரித்த அப்படம் 1957 இல் வெளிவந்தது. பாலம் முடிவுற்றதும், கைதிகளின் தலைவனான நிக்கல்சன், அதனைக் கட்டியோர் பிரித்தானியப் படையினரே என அறிவிக்கும் பலகையை அங்கே அறைகின்றான். அதிலுள்ளவை சில சொற்களே. ஆயினும், பகைவனுக்கு உதவும் பாலத்தைத் தன் பெருமையெனக் கொண்ட அவனது மயக்கத்தை நீண்ட வசனத்தினும் அப்பலகை நன்கு புலப்படுத்துகின்றது. வாசிக்க இயலாதிருப்பின் அது வெறும் மரத்துண்டே.

சிறுமுதலில் படமெடுப்போர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். சப்ரகமுவவின் றப்பர், தேயிலைத் தோட்டங்களைப் பற்றிப் படமெடுப்போர் தாள்களைக் காட்டாமல் தப்ப முடியாது. செக்றோல், பிரசாவுரிமைப் பத்திரம், 'துண்டு' என அம்மக்களின் வாழ்வே தாள்களில் அடங்கியிருந்தது. துண்டு என்பது தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்து, அதனைச் செலுத்தும் வேறு தோட்டத்துக்கு அவரை விடுவிப்பதாகக் கூறும் சீட்டு. 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. அச்சீட்டாற் கட்டுண்டோருட் பலர் அதனை வாசிக்க அறியாதவர். ஆகவே, பாத்திரம் வாசிக்க மாட்டாததைப் பார்வையாளர் வாசித்தல் வேண்டும். எழுத்து மங்கினால் இருவரும் ஒருங்கே அறியாதோராவர். அநீதி எவர் கண்ணுக்கும் படாது.

பழைய ஆவணத்தை உள்ளபடியே படியெடுத்தல் நேர்மைபோற் றோன்றினும், திரைக்கு அது உதவாது. தாளின் அமைப்பைப் பேணிக்கொண்டு, பெயரையும் தொகையையும் மட்டும் பெரிதாகத் தடித்த முனையால் எழுதுதல் தகும். ஏனைய வரிகள் மங்கினும் குற்றமில்லை. தமிழெழுத்துக்கோ தனித்தொல்லை ஒன்றுண்டு: மெல்லிய பேனாவால் இட்ட புள்ளி திரையில் மறைந்துவிடும், மெய்யெழுத்து உயிர்மெய்யாகிச் சொல்லே மாறும். வெண்தாள் விளக்கொளியிற் கூசும். அதனைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து உலர்த்தினால் கூச்சம் தணியும். தோட்டத்தில் அச்சாயத்துக்கா பஞ்சம்! இக்காலத்தே பலர் கைப்பேசியிலேயே படம் பார்ப்பதால், எடுத்த காட்சியை அச்சிறுதிரையிலும் பார்த்துத் தேர்தல் வேண்டும்.

அடுத்தது காலம். எழுதியவர் தம் எழுத்தை நொடியில் வாசித்துவிடுவார். புதியவருக்கு அது போதாது. வாய்விட்டு இருமுறை வாசிக்குமளவு காட்சி நிற்றல் நன்று. அது ஐந்து வினாடியெனின், வினாடிக்கு 24 படச்சட்டமாக 120 சட்டங்கள் வேண்டும்.

எழுத்தறியாப் பார்வையாளருக்காகக் கணக்கப்பிள்ளை பாத்திரம் சீட்டை உரக்க வாசிப்பதாக அமைக்கலாம். அவர் தொகையைக் கூட்டிச் சொல்வாராயின், வாசிக்க வல்லோர் அப்பொய்யை அக்கணமே காண்பர். அதற்குச் சீட்டு, அவர் வாய் திறக்குமுன்னரே திரையில் வந்து, தொகை வாசிக்கப்படும்வரை நின்றிருத்தல் வேண்டும்.