தடையற்ற வியாபார உடன்படிக்கைகளும் ஸ்திரீகளின் உழைப்பும்

தேசங்கள் தங்களுக்குள் இறக்குமதித் தீர்வையைக் குறைக்கவோ, அடியோடு நீக்கவோ செய்துகொள்ளும் ஏற்பாட்டிற்குத் தடையற்ற வியாபார உடன்படிக்கை என்று பெயர். அதன் தீர்வை அட்டவணையில் சரக்கின் பெயரும் வரி விகிதமுமே காணப்படும். ஆண், பெண் என்ற பேதம் குறிக்கப்படுவதில்லை. ஆயினும் தீர்வை மாறும்போது அதன் பலாபலன் அச்சரக்கில் உழைப்பவரையே சாரும். நாற்று நடுவதும் களையெடுப்பதும் நம் நாட்டில் பெரும்பாலும் பெண்களின் வேலையாயிருப்பதுபோல, எத்தேசத்திலும் வேலைகள் இரு பாலார்க்கும் வெவ்வேறாகப் பிரிந்தே இருக்கின்றன.

மெக்ஸிகோ தேசத்தின் அனுபவம் இதற்குத் தக்க உதாரணமாகும். அந்நாடு ஐக்கிய அமெரிக்காவுடனும் கனடாவுடனும் செய்துகொண்ட வட அமெரிக்க உடன்படிக்கை 1994-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி அமுலுக்கு வந்து, 2020-ல் வேறோர் உடன்படிக்கைக்கு இடங்கொடுத்தது. மக்காச்சோளத்தின் காப்புத் தீர்வையை 2008-ம் வருஷத்திற்குள் படிப்படியாக நீக்குவதென்று அதில் விதிக்கப்பட்டிருந்தது. ஆனால் மெக்ஸிகோ அரசாங்கமோ, குறித்த அளவுக்கு மிஞ்சி வந்த தானியத்தையும் தீர்வையின்றி அனுமதித்தது. விளைபொருளின் விலை இறங்கியது. சிறு நிலக்காரர் குடும்பங்களிலிருந்து ஆண்கள் பலர் பிழைப்புத் தேடி அயலூர் சென்றனர். வயலைக் கவனிக்கும் பொறுப்பு பெண்கள்மேல் விழுந்தது. நில உரிமைப் பத்திரமோ பெரும்பாலும் ஆண்கள் பெயரிலேயே இருந்தது. பத்திரமில்லாத சாகுபடியாளருக்குக் கடனும் சர்க்கார் உதவியும் எளிதில் கிட்டுவதில்லை.

இத்தகைய குறைகளை உத்தேசித்தே, சிலியும் உருகுவேயும் 2016-ல் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஆண் பெண் சமத்துவத்திற்கென ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. கனடாவும் சிலியும் தங்கள் பழைய உடன்படிக்கையைத் திருத்தி, அத்தகைய அத்தியாயத்தை 2019-ல் அமுலுக்குக் கொண்டுவந்து, மேற்பார்வைக்கு ஒரு கமிட்டியும் அமைத்தன. எனினும், அதன் ஷரத்துகள் மீறப்பட்டால் உடன்படிக்கையின் வழக்குத் தீர்க்கும் முறையை நாட இயலாது. அவ்வருஷமே அமுலான கனடா–இஸ்ரேல் உடன்படிக்கையில், இரு தரப்பும் சம்மதித்தால் நாடலாம் என்று ஏற்படுத்தப்பட்டது.

ஆகவே தனி அத்தியாயம் மட்டும் போதாது. பேச்சு தொடங்குமுன்னரே எந்தச் சரக்கில் எவர் உழைக்கின்றனர் என்று கணக்கெடுத்தல், நலிவடையக்கூடிய சரக்கின் தீர்வையைச் சிறுகச் சிறுகக் குறைத்தல், நஷ்ட உதவி பத்திரதாரருக்கு மட்டுமன்றி மெய்யாகச் சாகுபடி செய்வோருக்கும் சேரும்படி செய்தல் ஆகிய மூன்றும் அவசியம்.

2025-ம் வருஷம் ஜூலை 24-ந் தேதி இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட உடன்படிக்கையிலும் இவ்விஷயத்திற்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. ஆனால் 2015-16-ம் வருஷத்து விவசாயக் கணக்கின்படி, நம் தேசத்தில் சாகுபடி நிலங்களை நடத்துவோரில் நூற்றுக்குச் சுமார் 14 பேரே பெண்கள் எனப் பதிவாகியிருக்கிறது. கணக்கில் காணாத உழைப்பைப் பேச்சு நடத்துவோர் அறிய வழியில்லை. நிலச்சொந்தக்காரர்கள் உரிமையுள்ள பெண்களின் பெயரைப் பட்டாவில் சேர்ப்பதும், கிராம அதிகாரிகள் உண்மையில் பயிரிடுவோர் பெயரை அடங்கலில் தவறாது எழுதுவதும் இக்குறையை நீக்கும் முதற்படிகளாகும்.