படகு ட்ரெயிலரை வலுப்படுத்தல்: வெல்டிங்குக்கு முன் போல்ட்

படகு ட்ரெயிலர் நனைவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி. ஸ்காபரோவின் பிளஃபர்ஸ் பார்க்கிலோ, அஷ்பிரிட்ஜஸ் பேயிலோ, மேற்கே ஹம்பர் பேயிலோ படகை இறக்கும்போது அதன் அச்சு, ஸ்பிரிங், பின்பாதிச் சட்டம் எல்லாம் ஒன்ராறியோ ஏரிக்குள் மூழ்கி எழும். ஏரி நன்னீர் என்பதால் அது மட்டும் இரும்பை அவ்வளவு விரைவாக அரிப்பதில்லை. ரொறன்ரோவில் பெரிய கேடு வீதி உப்பிலிருந்து வருகிறது. பனிக்காலத்தில் தூவிய உப்பு ஏப்ரலிலும் வீதியோரங்களில் கிடக்கும். பருவம் தொடங்கியதும் ட்ரெயிலரை இழுத்துப் போனால் அந்த உப்பு சட்டத்தின் அடிப்பக்கத்திலும் மூட்டுகளின் இடுக்குகளிலும் ஒட்டிக்கொள்ளும். பெயின்ட் மட்டும் பூசிய ட்ரெயிலர் இதை நெடுங்காலம் தாங்காது. கல்வனைஸ் செய்த ட்ரெயிலருக்குக் கூடுதல் விலை கொடுப்பது இதற்காகத்தான்.

கல்வனைஸ் செய்வதென்றால், துப்புரவாக்கிய இரும்பை ஏறத்தாழ 450 பாகை செல்சியஸில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது. துத்தநாகம் மேலே ஒட்டி நிற்பதோடு இரும்போடு வினைபுரிந்து கலப்புலோகப் படிவங்களாகவும் அதைப் பற்றிக்கொள்கிறது. தடித்த இரும்பில் இந்தப் பூச்சு 85 மைக்ரோன் அளவுக்கு இருக்கும். இன்னொரு காவலும் இதில் உண்டு. சிறு கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்திலுள்ள துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் இந்தக் காவல் சில மில்லிமீற்றர் அகலத்துக்குத்தான் எட்டும். வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றிக் கையகல இரும்பு வெறுமையாகிவிட்டால் பக்கத்துத் துத்தநாகத்தால் அதைக் காப்பாற்ற இயலாது. ட்ரெயிலரை எதற்காக வாங்கினார்களோ அந்தப் பாதுகாப்பையே வெல்டிங் எரித்துவிடுகிறது.

இதற்குக் காரணம் கொதிநிலை. துத்தநாகம் 420 பாகையளவில் உருகி 907 பாகையில் கொதித்து ஆவியாகும். இரும்போ 1,500 பாகையை நெருங்கினால்தான் உருகும். எனவே இரும்பு உருகி ஒட்டுமுன்னே துத்தநாகம் ஆவியாகிப் போயிருக்கும். ராஜஸ்தானின் ஜாவரில் ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டிலிருந்து பெருமளவில் துத்தநாகம் எடுத்தவர்கள் இந்த இயல்பையே பயன்படுத்தினார்கள். கத்தரிக்காய் வடிவ மண்கலங்களில் தாதை அடைத்துச் சூடாக்கி, கீழ்நோக்கி இறங்கும் ஆவியைக் குளிரவைத்து உலோகமாகப் பிடித்தார்கள். அங்கே உலோகத்தைத் தந்த ஆவி, வெல்டிங்கில் இரண்டு கேடுகளைச் செய்கிறது. உருகிய இரும்புக்குள் சிக்கிக் குமிழ்களையும் துளைகளையும் உண்டாக்குகிறது. காற்றோடு சேர்ந்து துத்தநாக ஒட்சைட்டாகி, வெண்புகையாக மூச்சுக்குள்ளும் போகிறது. தடித்த தகடுகளில் துத்தநாகம் பற்றுவைப்புக்குள் ஊடுருவி நுண்வெடிப்புகளை உண்டாக்குவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

எந்த இடத்தை வலுப்படுத்துவது என்பதைத் தீர்மானிக்க, சுமை எப்படி இறங்குகிறது என்று தெரிய வேண்டும். ட்ரெயிலரின் ஒரு முனை வாகனத்தின் கொக்கியிலும் மறுபக்கம் சக்கரங்களிலும் தங்கியிருக்க, படகு இடையில் அழுத்துகிறது. வாகனத்தோடு பூட்டும் முன்கம்பம், பிரதான சட்டத்தோடு சேரும் முதற் குறுக்குச் சட்டத்துக்கு அருகேதான் மிகுதியாக வளையும். அங்கே கம்பத்தின் மேல்முகம் அமுங்கும், அடிமுகம் இழுபடும். வெடிப்புகள் பெரும்பாலும் இந்த அடிமுகத்தில் தொடங்கும். அடுத்ததாகப் பார்க்க வேண்டியவை, ஸ்பிரிங்கைத் தாங்கும் காதுகள் சட்டத்தில் ஒட்டியிருக்கும் இடங்களும், படகின் அடி அமரும் பலகைத் தாங்கிகளின் கால்களும். ட்ரெயிலரைக் கழுவி உலரவிட்டுக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், சாம்பல்நிறப் பூச்சின் நடுவே மயிரிழைபோல் ஒரு செங்கோடு தெரியலாம். அது வெறும் துருக் கறை இல்லை. வெடிப்புக்குள் புகுந்த நீர் வெளியே கசியும் வழி அது.

சதுரக் குழாய்ச் சட்டங்களில் துரு உள்ளிருந்தே அரித்து வரும். வெளியே பளபளப்பு இருக்கும். உள்ளே தங்கிய நீரும் சேறும் சுவரைத் தின்றிருக்கும். சுத்தியலால் நெடுகத் தட்டிப் பார்த்தால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், மெலிந்த இடம் மந்தமாக ஒலித்து உள்ளே பொருக்கு உதிரும். அப்படி மெலிந்த குழாயில் வெல்டிங் செய்வது வீண். சூடு பட்டதும் சுவர் ஓட்டையாகும். அந்த உறுப்பை மாற்றுவதுதான் வழி.

கல்வனைஸ் ட்ரெயிலர்கள் பலவற்றில் குறுக்குச் சட்டங்களும் அச்சும் யூ-போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். உறுப்புகளைத் தனித்தனியே செய்து, துத்தநாகத்தில் முக்கி, பிறகு பூட்டினால் பூச்சு எங்கும் கெடாது. வலுவூட்டும்போதும் இதே முறையைப் பின்பற்றுவதே சிறந்தது. மெலிந்த குறுக்குச் சட்டத்துக்கு அருகே புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். முன்கம்பத்தின் இரு பக்கங்களிலும் தகடு வைத்துப் பூட்டலாம். வெல்டிங் தேவைப்படும் துணைப்பாகத்தை ட்ரெயிலரில் தொடாமல் தனியே வெறும் இரும்பில் செய்து, கல்வனைஸ் பட்டறையில் முக்கி எடுத்துக் கொண்டுவந்து போல்ட்டால் பூட்டலாம். குழாய் வடிவப் பாகமானால் காற்றும் துத்தநாகமும் வெளியேறத் துளைகள் கட்டாயம் வேண்டும். அடைபட்ட குழாய் தொட்டிக்குள் வெடித்துவிடும்.

போல்ட்டுக்குத் துளையிடுவதானால் சட்டத்தின் பக்கச் சுவரில், உயரத்தின் நடுப்பகுதியில் இட வேண்டும். அங்கே இழுவையும் அமுக்கமும் குறைவு. மேல் விளிம்பிலோ அடி விளிம்பிலோ இட்ட துளை அடுத்த வெடிப்புக்கு வழி திறந்துவிடும். போல்ட்டைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். கடைகளில் பளபளவென்று இருக்கும் போல்ட்டுகளுக்கு மின்முலாம் பூசியிருக்கும். அதில் துத்தநாகம் சில மைக்ரோன்தான். முக்கி எடுத்தவை மங்கலான சாம்பல்நிறத்தில், விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். ட்ரெயிலருக்கு அவையே வேண்டும்.

இதெல்லாம் இயலாதபோது, குறிப்பாகப் பற்றுவைத்த மூட்டே வெடித்திருக்கும்போது, வெல்டிங் தேவைப்படும். படகை இறக்கி, ட்ரெயிலரை வாகனத்திலிருந்து கழற்றி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, மின்விளக்குக் கம்பிகளை அகற்ற வேண்டும். எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில், அதே உறுப்பில் பூட்ட வேண்டும். அதை மறுகோடியில் பூட்டினால் மின்னோட்டம் சக்கரத்தின் பெயாரிங் வழியே பாயக்கூடும். குண்டுகளிலும் தடத்திலும் பொறிகள் சிறு குழிகளைப் பறித்துவிடும். அந்தப் பெயாரிங் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்து நெடுஞ்சாலையில் உடையும். ரப்பர் வைத்த முறுக்கு அச்சுகளுக்கு அருகில் சூடே ஆகாது. கொக்கியைக் கவ்வும் கப்ளரைப் பற்றவைத்துத் திருத்தக் கூடாது. புதிதாக மாற்ற வேண்டும்.

பற்றவைக்கும் கோட்டின் இரு பக்கமும் 2.5 முதல் 10 சென்ரிமீற்றர் வரை துத்தநாகத்தை நீக்க வேண்டும், தகட்டின் மறுமுகத்திலும் நீக்க வேண்டும் என்பது அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் வழிகாட்டல். கையில் பிடித்து இயக்கும் கிரைண்டரில் மடிப்புத் தட்டு போட்டுத் தேய்ப்பதே எளிது. சாம்பல்நிறம் போய் வெள்ளியாக மின்னும் இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். அமிலம் ஊற்றிக் கரைப்போரும் உண்டு. அதில் எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும், அமிலம் இடுக்குகளில் தங்கிப் பிறகு அரிக்கும். கிறீஸைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஆர்க்கின் புறஊதாக் கதிர் பட்டு அந்த ஆவி பொஸ்ஜீன் எனும் நச்சு வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. சிறிதளவே ஆளைக் கொல்லும்.

கனடிய வீடுகளின் சாதாரண 120 வோல்ட் செருகியில் ஓடும் சிறு இயந்திரங்கள் மெல்லிய தகடுகளுக்கே பொருந்தும். ட்ரெயிலரின் சுமைதாங்கும் மூட்டுக்கு 240 வோல்ட் இயந்திரம் வேண்டும். கராஜில் அதற்குப் புதிய மின்சுற்று இழுப்பதானால், ஒன்ராறியோவின் மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்துச் சோதனை பெற வேண்டும். வெளிமுற்றத்தில் வாயு ஊதும் மிக் முறைக்கு இலேசான காற்றும் எதிரி. கவச வாயுவை அது கலைத்துவிடும். அங்கே ராட் அல்லது உள்ளே மருந்து நிரப்பிய கம்பி கைகொடுக்கும். 6011 ராட் ஆழமாகத் துளைத்து, எஞ்சிய அழுக்கையும் ஓரளவு தாங்கும். 7018 ராட் உறுதியான பற்றுவைப்பைத் தரும், ஆனால் ஈரமில்லாமல் வைத்திருக்க வேண்டும். மருந்துக் கம்பிகளில் சில மெல்லிய தகட்டில் ஒரே தடவை ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. சுமைதாங்கும் மூட்டில் அவை கூடாது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த இரும்பில் நேரே பற்றவைத்தால் மூட்டு சடுதியாகக் குளிர்ந்து வெடிக்கக்கூடும். முதலில் 20 பாகைக்காவது சூடாக்கி ஈரத்தைப் போக்க வேண்டும்.

வெடிப்பை அப்படியே மேலால் மூடிப் பற்றவைத்தால் அது மீண்டும் திறக்கும். வெடிப்பின் நுனியைக் கண்டுபிடித்துச் சிறு துளையிட்டு நிறுத்தி, கோடு நெடுகத் தேய்த்துப் பள்ளமாக்கி, அடிவரை நிரப்ப வேண்டும். அதன்மேல் வைக்கும் வலுவூட்டுத் தகடு சதுரமாக முடியக் கூடாது. அதன் முனைகள் வைர வடிவில் ஒடுங்கி, சுமையைச் சிறிது சிறிதாகச் சட்டத்துக்குக் கைமாற்ற வேண்டும். பற்றுவைப்பு சட்டத்தின் நீளவாக்கில் ஓடட்டும். அடிமுகத்துக்குக் குறுக்கே ஓடும் ஒரு பற்றுவைப்பு, ஆயிரக்கணக்கான குலுக்கல்களுக்குப் பின் சட்டம் இரண்டாக முறியும் கோடாகிவிடும். கூடுதல் இரும்பைச் சேர்த்துவிட்டால் கூடுதல் பலம் என்ற எண்ணம் இங்கே பொய்க்கிறது.

துத்தநாகப் புகையால் வரும் காய்ச்சல் உடனே தெரியாது. வேலை முடிந்து சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், வாயில் உலோகச் சுவை, தாகம், குளிர்நடுக்கம், உடம்பு நோ என்று சளிக்காய்ச்சல் போலவே வரும். ஓரிரு நாளில் தணியும். நாள்தோறும் புகையோடு பழகியவர்களின் உடல் சற்றுத் தாங்கிக்கொள்ளும், வார இறுதி ஓய்வில் அந்தத் தாங்குதிறன் போய்விடும். அதனால் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றும் இதற்குப் பெயர். பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. நுரையீரலுக்குப் போன புகையை வயிற்றுக்குப் போகும் பால் தடுக்காது. காற்றோட்டமான வெளியில், புகை முகத்தை விட்டு விலகும்படி நின்று, ஹெல்மெட்டுக்குள்ளே பி100 வடிகட்டி பூட்டிய அரைமுக மாஸ்க் அணிவதே காப்பு. மூச்சுத்திணறல் வந்தால் அது வெறும் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய போல்ட்டுகளில் கட்மியம் முலாம் இருந்தால் அதன் புகை உயிரையே எடுக்கக்கூடியது. அவற்றைச் சூடாக்காமல் கழற்றிவிட வேண்டும்.

பற்றவைத்து ஆறியதும் கசடைத் தட்டி, இரும்புத் தூரிகையால் தேய்த்து, வெறுமையான இடத்துக்குத் துத்தநாகத்தை மீட்டுக் கொடுக்க வேண்டும். ஏஎஸ்டிஎம் ஏ780 என்ற தரநிர்ணயம் இதற்கு மூன்று வழிகளைச் சொல்கிறது: துத்தநாகம் செறிந்த பெயின்ட், உருக்கித் தடவும் துத்தநாகக் கலப்புக் குச்சி, உருகிய துத்தநாகத்தைத் தெளித்தல். வீட்டுக்குப் பெயின்டே நடைமுறையில் இயலும். காய்ந்த படலத்தில் எடையளவில் 92 வீதத்துக்கு மேல் துத்தநாகம் இருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது. வெள்ளி நிறம் மட்டும் கொடுக்கும் அலுமினியப் பெயின்ட் இரும்பைக் காக்காது. துத்தநாகப் பெயின்டைக் குளிரில் பூசினால் சரியாகப் பிடிக்காது, எனவே ரொறன்ரோவில் இந்த வேலையை மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களுக்கு வைத்துக்கொள்வதே ஏற்றது. குழாயின் உட்புறத்தில் எரிந்துபோன பூச்சுக்கு வெளியிலிருந்து பெயின்ட் எட்டாது. வடிகால் துளை வழியே துருத்தடுப்பு மெழுகைத் தெளிக்கலாம். போல்ட் முறையை முதலில் நாட வேண்டியதற்கு இந்த எட்டாத உட்புறமும் ஒரு பெரிய காரணம்.

சட்டத்தை வலுப்படுத்தியதால் ட்ரெயிலர் சட்டப்படி சுமக்கக்கூடிய எடை கூடிவிடாது. உற்பத்தியாளர் ஒட்டிய தகட்டிலுள்ள எடையே எல்லை. அச்சு, டயர், கப்ளர் எல்லாம் அதற்கே அளவெடுத்தவை. ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோ அல்லது அதற்கு மேலான ட்ரெயிலருக்குத் தனி பிரேக் வேண்டும், எந்த ட்ரெயிலரும் வாகனத்தோடு இரண்டு தனித்தனி வழிகளில் பூட்டப்பட்டிருக்கவும் வேண்டும். கப்ளருக்கு அடுத்த வழியான பாதுகாப்புச் சங்கிலிகளின் கொளுவிடத்தில் வெல்டிங் தேவைப்படும் நிலை வந்தால், சான்றிதழ் பெற்ற வெல்டரிடமே விட வேண்டும். கனடிய வெல்டிங் பணியகத்தின் சான்று பெற்ற பட்டறைகள் ரொறன்ரோ பெரும்பாகத்தில் உண்டு. பின்னால் வருபவரின் உயிர் தங்கியிருக்கும் இடம் அது.

வேலை முடிந்து முதல் தடவை இழுத்துப் போய் வந்ததும் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். புதிய பூச்சு அமுங்கும்போது அவை தளரும். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில், படகை வீதி வழியே கொண்டுபோகுமுன் நீரை வடித்து, ஒட்டிய நீர்ச்செடிகளையும் உயிரிகளையும் அகற்றுவது கட்டாயம். கரையில் அதைச் செய்யும்போதே தகட்டின் ஒடுங்கிய முனைகளையும் அடிமுகத்தையும் பார்த்துவிடலாம். சாம்பல்நிறப் பெயின்ட்டை ஊடறுத்து அங்கே மீண்டும் செங்கோடு தெரிந்தால், அதன்மேல் இரண்டாம் முறை பற்றவைக்காமல் அந்த உறுப்பையே மாற்ற வேண்டும்.