மேல்நிலைக் கல்வியில் அறவியலும் சமயங்களும்: மாதனூர் வட்டாரத் தோல் தொழிலை முன்வைத்து

திறவுச்சொற்கள்: அறவியல், மேல்நிலைக் கல்வி, சமயங்களைப் பற்றிய கல்வி, மணிமேகலை, தோல் பதனிடுதல், பாலாறு

முன்னுரை

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதன் பாடங்களுள் ஒன்று ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’. பதினொன்றாம் வகுப்பிற்கு 2018இலும் பன்னிரண்டாம் வகுப்பிற்கு 2019இலும் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்திலும் இது தொடர்ந்தது. மெய்யியல், அறவியல், சமயம் ஆகியவற்றை ஒரு மாணவர் பள்ளிப் பருவத்தின் இறுதியில் சந்திக்கும் இடம் பெரும்பாலும் இதுவே.

பாடப்பெயரில் உள்ள எண்ணும்மை கருதத்தக்கது. ஒரு செயல் தக்கதா தகாததா என்பதைக் காரணம் காட்டி ஆராய்வது அறவியல். வழிவழியாகப் பெற்ற வாழ்முறை பண்பாடு. முன்னது வினவச் சொல்வது, பின்னது அறியச் சொல்வது. அறிந்ததைத் தேர்வில் கேட்பது எளிது. ஆகவே இரண்டும் ஒரே நூலில் இணையும்போது பண்பாடு அறவியலை விழுங்கிவிடும் வாய்ப்பே மிகுதி.

சட்ட வரையறை

முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(1)ஆம் உறுப்பு. அரசின் ஏற்போ உதவியோ பெறும் நிறுவனத்தில், மாணவரின் இசைவின்றியும், அவர் உரிய வயது அடையாதவராயின் காப்பாளரின் இசைவின்றியும் அதில் பங்கேற்கச் செய்யலாகாது என்கிறது 28(3). அரசுப் பள்ளிகளும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளும் அருகருகே உள்ள ஆம்பூர்ப் பகுதியில் இவ்விரு உட்பிரிவுகளும் அன்றாட நடைமுறை. சமயக் கல்வி வேறு, சமயங்களைப் பற்றிய கல்வி வேறு எனக் கோத்தாரி ஆணையம் (1964–66) பிரித்துக் காட்டியது. அருணா ராய் வழக்கில் (2002) உச்ச நீதிமன்றமும், சமயங்களைப் பற்றிக் கற்பித்தல் 28ஆம் உறுப்பிற்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது.

தமிழ் மரபில் இதற்கொரு முன்மாதிரி உண்டு. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை’யில் வஞ்சி நகரத்தில் அளவைவாதி முதல் பூதவாதி வரை பதின்மர் தத்தம் கொள்கையைத் தாமே எடுத்துரைக்கின்றனர். அது பௌத்தக் காப்பியம், நடுநிலை நூலன்று. அளவைவாதிக்குப் பல அடிகளும் வைணவவாதிக்கு மிகச் சில அடிகளுமே கிடைக்கின்றன. எனினும் மறுக்கப்பட இருப்பவரையும் முதலில் பேசவிடும் முறை அங்கு உள்ளது. இலங்கையில் உயர்தர வகுப்பில் இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம், பௌத்த நாகரிகம் எனத் தனித்தனிப் பாடங்கள் உள்ளன. ஆழத்திற்கு அது உதவும். ஆனால் அவற்றுள் ஒன்றை மட்டும் பயில்பவருக்குப் பதின்மர் அவை வாய்ப்பதில்லை. (அங்கே ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்றொரு பாடமும் இருப்பதால், அளவை என்ற பழஞ்சொல் இன்றும் வகுப்பறையில் புழங்குகிறது.)

தோல் என்னும் பொருள்

மாதனூர், வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றை ஒட்டி அமைந்தது. இவ்வட்டாரத்தில் பல குடும்பங்களின் வருவாய் தோல் பதனிடுதலையும் காலணித் தொழிலையும் சார்ந்தது. அவ்வீட்டு மாணவர்க்குத் தோல் அன்றாடப் பொருள். அதைப் பற்றிச் சமயங்கள் சொல்வன ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. மனுநூல் தோல் வேலை செய்வோரைக் கலப்புச் சாதியினராக்கிக் கீழ்நிலையில் வைக்கிறது. கொல்லாமையை முதன்மையாகக் கொண்ட சமண ஒழுக்கம் தோற்பொருளை விலக்குகிறது. இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஹனஃபி, ஷாஃபி ஆகியன, சில விலங்குகளின் தோல் நீங்கலாக, பதனிடுதல் தோலைத் தூய்மையாக்கும் என்கின்றன. பௌத்த விநயத்தின் மகாவக்கத்தில் ஐந்தாம் பிரிவு முழுவதும் தோலைப் பற்றியது. நடந்து நடந்து பாதம் புண்ணான சோணர் என்னும் துறவியின் நிகழ்ச்சியை ஒட்டிப் புத்தர் காலணிக்கு இசைவளித்ததை அது கூறுகிறது.

தீட்டு, கொலை, தூய்மை, தேவை என நான்கு வேறு அளவுகோல்கள் ஒரே பொருளின்மேல் வைக்கப்படுகின்றன. முதலாவது, பொருளைவிட்டு அதைத் தொடும் மனிதரையே அளக்கிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவர், தம் தந்தையின் தொழில்மீது ஊரார் காட்டும் இழிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்குவார். அறவியல் வகுப்பு தொடங்க வேண்டிய இடமும் அதுவே.

அடுத்த வினா ஆற்றைப் பற்றியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் பாலாற்றுப் பகுதியின் நீரும் நிலமும் கெட்டதை ஏற்றது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்துவோரே ஈடு செய்யவேண்டும் என்னும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தோல் ஏற்றுமதி அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருகிறது என்பதையும் அத்தீர்ப்பு மறுக்கவில்லை. பயனைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் மில்லின் நெறிக்கும், எவரையும் வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்னும் காண்ட்டின் நெறிக்கும் இதைவிட அண்மையான எடுத்துக்காட்டு இவ்வட்டார மாணவர்க்குக் கிடைப்பது அரிது. கிணறு கெட்ட உழவரும் கூலிக்காகக் காத்திருக்கும் தொழிலாளியும் சில வீடுகளில் ஒருவரே என்பதால், எளிய விடையும் இல்லை.

செய்முறை இல்லாத பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10 என மதிப்பெண் பகுக்கப்பட்டுள்ளது. அந்தப் பத்தைக் கொண்டு ஆசிரியர் களப்பணி ஒன்றைத் தரலாம்: ஆம்பூர்ப் பகுதியில் மலையாம்பட்டை அடுத்த ஆர்மாமலைக் குகையின் எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்களைக் கண்டு, திரும்பும் வழியில் பதனிடும் கூடத் தொழிலாளர் ஒருவரிடம் அவர் தொழிலைப் பற்றிக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். அவ்விரண்டையும் ஒரே தாளில் எழுத நேரும் மாணவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அதற்கான காரணத்தைத் தாமே தேடவேண்டியிருக்கும்.