காலிக் கோட்டையில் இருவருக்கு ஒரு மாலை

இலங்கையின் காலிக்குப் போகும் தம்பதிகள் பலர் உச்சி வெயிலில் கோட்டைத் தெருக்களைச் சுற்றிவிட்டு, மாலைக்குள் உனவட்டுனக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஊரில் இருவராகக் கழிக்க வேண்டிய நேரமே மாலை நாலரைக்குப் பிறகுதான். மதில்மேல் நடப்பதை நடுவில் வைத்து, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து கரையோர ரயிலில் போங்கள். வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் கடல் கூடவே வரும். நெடுஞ்சாலைப் பேருந்து சீக்கிரம் போய்ச் சேர்க்கும். ஆனால் அதில் கடல் தெரியாது.

கோட்டைக்குள் பழைய வாசலைப் பாருங்கள். வெளிப்புறம் பிரித்தானிய அரசச் சின்னம். உட்புறம் 1669ஆம் ஆண்டு பொறித்த ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், அதன் உச்சியில் ஒரு சேவல். போர்த்துக்கேயர் 1588இல் அரண் எழுப்பிய இடத்தை 1640இல் பிடித்த ஒல்லாந்தர், பிறகு கல்லால் பெரிதாக்கிக் கட்டியதுதான் இன்றைய கோட்டை. 1755ஆம் ஆண்டின் ஒல்லாந்துத் தேவாலயத்தில் தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். வெயில் தாழும்வரை அங்கே இருக்கலாம்.

பிறகு மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு வந்து மதிலேறுங்கள். நிலப்பக்கம் காக்கும் மூன்று கொத்தளங்களுக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். கீழே கிரிக்கெட் மைதானம் தெரியும். ஆட்ட நாளென்றால் சற்று நின்று பார்க்கலாம். நட்சத்திரக் கொத்தளம் தாண்டியதும் கடல் வலக்கைப் பக்கம் வந்துவிடும். அங்கிருந்து தெற்கே, பேசிக்கொண்டே மெல்ல நடந்தால் சூரியன் இறங்கும் நேரத்துக்குக் கோட்டையின் தென்முனையிலுள்ள கொடிப்பாறையை அடைவீர்கள். அதையும் தாண்டினால் 1939இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம். எதிரே தேவாலயம்போலத் தோன்றும் மீரான் பள்ளிவாசல். மதில் விளிம்பில் பல இடங்களில் தடுப்பு இல்லை. படம் எடுக்கும் ஆவலில் பின்னோக்கி நகராதீர்கள்.

வழியெங்கும் உள்ளூர் இளஞ்சோடிகள் ஒரே குடைக்குள் உட்கார்ந்திருப்பார்கள். வெயிலை மறைப்பதோடு ஊர்க் கண்ணையும் அந்தக் குடை மறைக்கிறது. அவர்களைப் படமெடுக்க வேண்டாம். பக்கத்தில் போய் உட்காரவும் வேண்டாம். விருந்தாளிகளாக நாம் கொடுக்கக்கூடிய மரியாதை அதுதான். நீங்களும் ஒரு குடை கொண்டுபோங்கள், நிழலே இல்லாத நடை அது.

டிசம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், குளிக்க முடியாது. மதில் நடைக்கு மழை இடைவெளி விட்டால் போதும். அலைகள் பாறையில் மோதி எழுவதைப் பார்க்க எனக்கு அந்தக் காலமே கூடுதலாகப் பிடிக்கும். ஓர் இரவு கோட்டைக்குள்ளேயே தங்கினால் ரயில் நேரத்தை நினைத்து மாலையை வெட்டிச் சுருக்க வேண்டியதில்லை.

திரும்பும்போது கொழும்பில் ஒரு மணி நேரம் கிடைத்தால் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு வந்த, 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. 1911இல் காலியில்தான் அது கிடைத்தது. சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் அதில் உண்டு. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது.