ஒலி எழுந்தால் குற்றமா?

திருமலைக்கு வாகனத்தில் செல்வோர் அடிவாரத்தில் அலிபிரி சோதனைச் சாவடியைக் கடந்தே ஆகவேண்டும். மதுவும் இறைச்சியும் புகையிலையும் மலைமேல் கொண்டுசெல்லத் தடை உண்டு. அங்கே ஒரு கருவி எச்சரிக்கை ஒலி எழுப்பினால், அவ்வாகனத்தில் தடைப்பொருள் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு?

கணக்கிற்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். 10,000 வாகனங்களில் 10-இல் மட்டுமே தடைப்பொருள் உள்ளது. கருவி அவற்றுள் 9-ஐக் கண்டுபிடிக்கும். குற்றமற்ற வாகனங்களில் நூற்றுக்கு ஒன்றைத் தவறாகக் காட்டும். 90 விழுக்காடு என்று பலரும் உடனே விடை கூறுவர். அது, பொருள் இருந்தால் ஒலிக்குமா என்ற வேறொரு கேள்விக்கான விடை. ஒலித்தால் பொருள் இருக்குமா என்பதே நம் கேள்வி. குற்றமற்ற 9,990 வாகனங்களில் ஏறத்தாழ 100-க்கு ஒலி எழும். ஆக, 109 ஒலிகளில் மெய்யானவை 9. சுமார் 8 விழுக்காடுதான்!

இதனை நிபந்தனை நிகழ்தகவு என்பர். இதற்கான சூத்திரம் தாமஸ் பேயஸின் பெயரால் வழங்குகிறது. அவருடைய கட்டுரை அவர் மறைந்த பின்னர் 1763-இல் வெளியாயிற்று. சூத்திரத்தைவிட இவ்வாறு எண்ணிப் பார்ப்பதே எளிது என்பது என் கருத்து.

வெளியூரில் தங்கள் அட்டைப் பரிவர்த்தனை ஐயத்தின்பேரில் நிறுத்தப்படுவதும் இத்தகையதே. மோசடி அரிதாகையால், நிறுத்தப்படுபவற்றுள் நேர்மையானவையும் பல. எனவேதான் வங்கி உடனே முடிவு கட்டாமல், பரிவர்த்தனை தங்களுடையதா என வினவுகிறது. இஃது இரண்டாம் சோதனை. சாவடியிலும், முதற்கருவியைச் சாராத அதே திறனுள்ள மற்றொரு கருவி அந்த 109 வாகனங்களைச் சோதித்தால், ஏறத்தாழ 8 மெய்யும் 1 பொய்யுமே எஞ்சும். வாய்ப்பு 89 விழுக்காடாக உயரும்.

வங்கியின் வினாவிற்கு ஆம் அல்லது இல்லை என்பதே போதுமான விடை. கடவுச்சொல்லையோ இரகசிய எண்ணையோ கேட்டால், கேட்பவர் வங்கியைச் சேர்ந்தவர் அல்லர்.