மூன்றாம் பாகம் எங்கே?

வாராவாரம் தொடர்கதையைக் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைக்கும் நேயர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நடுவில் ஓர் அத்தியாயம் காணாமற் போனால், புத்தகமே மூளிதான்! கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு தொடர்கதை உண்டு.

கம்பத்தில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. தாலி கட்டும் காட்சியை அவருக்கு ஜிமெயிலில் அனுப்ப வேண்டும். வீடியோவோ 90 எம்.பி. கனம். ஒரு கடிதத்துடன் 25 எம்.பி.க்கு மேல் நேரடியாக இணைக்க முடியாது. என்ன செய்வது? 18 எம்.பி. வீதம் ஐந்து துண்டுகளாகக் கட்டி, ஐந்து கடிதங்களில் அனுப்பலாம். 'வின்ரார்', 'செவன்-ஜிப்' போன்ற புரோகிராம்கள் இதைச் செய்து தரும். பிளாப்பி ஒன்றில் 1.44 எம்.பி. மட்டுமே கொண்ட காலத்திலிருந்தே இருந்துவரும் உபாயம்தான் இது.

கம்பத்துப் பன்னீர் திராட்சையை ஐந்து பெட்டிகளில் அனுப்பி, ஒரு பெட்டி வழியில் தவறினாலும் மற்ற நாலும் தித்திக்கும். இங்கே அப்படியல்ல. ஒரு துண்டு வராவிட்டால் வீடியோ முழுமையாகக் கிடைக்காது.

துண்டுகளைக் கோக்கும் நூல் எது? பெயர்தான்! முதல் துண்டைப் பிரித்ததும், அடுத்தது எது என்று புரோகிராம் அதே ஃபோல்டரில் பெயரைக் கொண்டே தேடுகிறது. 'கல்யாணம்.பார்ட்1.ரார்' என்பதற்குப் பின் 'கல்யாணம்.பார்ட்2.ரார்' இருக்க வேண்டும். அதையே ஒருவர் 'தாலி.ரார்' என்று ஆசையாக மாற்றிவிட்டால், வேலை அங்கேயே நின்றுவிடும். ஒரே துண்டை இருமுறை இறக்கினால், பிரவுசர் தானாகவே '(1)' என்று ஒட்டுவதும் உண்டு. ஒட்டியதை நீக்கிப் பழைய பெயரைக் கொடுத்தால் போதும்.

எதை முதலில் திறப்பது என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. செவன்-ஜிப் துண்டுகளில் '001' என்று முடிவதைத் திறக்க வேண்டும். பழைய ரார் முறையில் 'ரார்' என்று முடிவதே முதல் துண்டு. 'ஆர்00' என்பது இரண்டாவது! ஜிப் முறையிலோ 'இசட்01', 'இசட்02' என்று போய், கடைசித் துண்டுக்குத்தான் 'ஜிப்' என்ற பெயர். திறக்க வேண்டியதும் அந்தக் கடைசித் துண்டைத்தான்.

துண்டுகள் பத்துக்கு மேற்பட்டால் 'பார்ட்01' என்று பூஜ்யத்துடன் எண்ணிடுவது நல்லது. இல்லாவிட்டால் சில இடங்களில் 1-ஐ அடுத்து 10 வந்து உட்கார்ந்துகொள்ளும். எது விடுபட்டது என்று பார்ப்பவருக்குத் தலை சுற்றும். கட்டுக்குப் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பதும் பத்திரம். சில பழைய ஜிப் புரோகிராம்களில் தமிழ்ப் பெயர் புரியாத கிறுக்கலாக மாறிவிடும்.

இன்னும் பயமா? வின்ராரில் 'ரெக்கவரி வால்யூம்' என்று உபரித் துண்டு ஒன்றும் சேர்த்துச் செய்யலாம். ஐந்தில் எந்த ஒன்று தொலைந்தாலும் அதை இது ஈடுகட்டும். ஆனால், துண்டுகள் எல்லாம் கையில் இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டும். தொலைந்த பிறகு பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஜாக்கிரதை. அனுப்பியாயிற்றே என்று உடனே மூல வீடியோவை அழித்துவிடாதீர்கள். ஐந்து துண்டுகளும் சேர்ந்து, படம் ஓடி, "பார்த்துவிட்டேன்" என்று சிங்கப்பூர் அண்ணன் சொல்லட்டும். தாலி கட்டுவது ஒரு முறைதானே!